கடைசி ஆள் வீடு போய்ச் சேரும் வரை

கூடாரப் பண்டிகை முடிந்த மறுநாளே எங்கள் கட்டட முற்றத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து சாப்பிட்ட ஓலைக் குடில்களையெல்லாம் கழற்றிவிட்டார்கள். ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் திபேரியா ஊரில் பண்டிகைக்குக் குடில் போட ஒரு வாரம் எடுப்பார்கள், பிரிக்க ஒரு மணி நேரம் போதும். ஒரே ஒரு குடில் மட்டும் நின்றது. அது திர்சாவின் வீட்டுக் குடில்.

திர்சாவின் அப்பா பிரிப்பதற்குத்தான் ஏணியில் ஏறினார். கூரையில் பேரீச்சை ஓலைக்கு அடியில் ஒரு தவிட்டுப்புறா உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் இரண்டு வெள்ளை முட்டைகள்! அப்பா சத்தம் போடாமல் இறங்கிவிட்டார்.

"ஒரு வாரமா இதுக்குக் கீழதான் சாப்பிட்டோம். ஒருத்தருக்கும் தெரியலையே!" என்றாள் திர்சா.

ஆனால் குடில் நின்ற இடம் ஷப்தாய் மாமா தன் வெள்ளை வேனை நிறுத்தும் இடம். கட்டடத்துக்கு அவர்தான் தலைவர். ஜெப ஆலயத்திலும் எந்த நாளில் எந்த ஜெபம் என்று மேஜையைத் தட்டி அறிவிப்பவர் அவர்தான். தட்டினால் தூங்குகிறவர்கள்கூட எழுந்துவிடுவார்கள்.

"வேனை மேட்டுல விட்டுட்டு ஏறி இறங்குறேன். என் முட்டி என்ன ஆகுறது?" என்றார் அவர், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பியபடி. "ரெண்டு நாள் தர்றேன். அப்புறம் நானே பிரிச்சுடுவேன்."

திர்சாவின் அப்பா தலையைச் சொறிந்தார். ஷப்தாயிடம் எதிர்த்துப் பேச அவருக்குப் பயம்.

மறுநாள் பள்ளியில் மோரியா டீச்சர் நோவாவின் கதையை நடத்தினார். வெள்ளம் வடிந்ததா என்று பார்க்க நோவா புறாவை அனுப்புகிறார். அது கால் வைக்க இடமில்லாமல் திரும்பி வருகிறது. பிறகு இன்னும் ஏழு நாள் 'யஹெல்' செய்தார் என்று வேதத்தில் இருக்கிறது.

"அந்தக் காலத்து எபிரெயச் சொல். இப்போ நாம இப்படிப் பேசுறதில்ல. என்ன அர்த்தம்னு யாராவது சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"காத்திருந்தாரு, டீச்சர். பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி!" என்றான் எல்காட்.

"பஸ் வரலேன்னா நீ திட்டிட்டு நடந்து போயிடுவ. இவர் போகலையே. தண்ணி வடியும்னு நம்பினாரு, அதனால காத்திருந்தாரு. நம்புறதுக்கும் காத்திருக்கறதுக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்தான்."

திர்சா அதை நோட்டில் எழுதவில்லை. அவளுக்கு முட்டைகளின் கவலை.

சொன்னபடியே அதற்கு அடுத்த நாள் ஷப்தாய் மாமா சுத்தியலோடு வந்தார். திர்சா குடிலின் வாசலில் நின்றுகொண்டாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? ஏரியில தண்ணி இவ்வளவு கீழ போயிடுச்சு. நாம ஏன் இன்னும் மழை கேட்டு ஜெபம் பண்ணல?"

இது அவருடைய துறை. சுத்தியலைக் கீழே வைத்தார்.

"பண்டிகை முடிஞ்சு பதினஞ்சாம் நாள், ஹெஷ்வான் மாசம் ஏழாம் தேதிதான் கேக்கணும். பண்டிகைக்கு எருசலேம் வந்தவங்க திரும்பிப் போக வேண்டாமா? யூப்ரடீஸ் நதிக்கரைக்குப் பதினஞ்சு நாள் நடை. கடைசி ஆள் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் மழை கேக்கக் கூடாது. பாவம், நனைஞ்சிடுவான்ல?"

"இப்போ யாராவது அப்படி நடந்து போறாங்களா?"

"யாரு நடக்கிறா? ரெண்டாயிரம் வருஷமா ஒருத்தனும் போகல."

"இல்லாத ஆளுக்காகவே நாம காத்திருக்கோம். இதுங்க இருக்கே, மாமா!"

ஷப்தாய் மாமா வாயில் இருந்த விதையைக் கொறிக்க மறந்துவிட்டார்.

"வாயாடி" என்றார் கடைசியில். "ஏழாம் தேதி வரைக்கும்தான். அன்னைக்குச் சாயங்காலம் மழை கேட்டுடுவேன். அப்புறம் அழுதுகிட்டு வரக்கூடாது."

இரண்டு நாளில் குஞ்சுகள் பொரிந்தன. அவலட்சணம் என்றால் அப்படி ஓர் அவலட்சணம்! திர்சாவுக்கு அவை பேரழகாகத் தெரிந்தன. தினமும் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து எண்ணுவாள். ஒன்று, இரண்டு. ஷப்தாய் மாமா முட்டியைப் பிடித்தபடி முனகிக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கி வருவார். "இன்னும் போகலையா?" என்பார். அவர் போன பிறகு குடிலின் பக்கத்தில் உரித்த விதைகள் கிடக்கும்.

ஏழாம் தேதி வந்தது. குஞ்சுகளுக்கு இறகு முளைத்திருந்தது, பறக்கத்தான் தெரியவில்லை.

"இன்னும் மூணு நாள் போதும், மாமா."

"ஜெபத்தை எல்லாம் தள்ளிப் போட முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மாலையில் ஜெப ஆலயத்திலிருந்து மேஜையைத் தட்டும் சத்தம் முற்றம் வரை கேட்டது. மழை கேட்டுவிட்டார்கள். திர்சா குடிலுக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து யாரோ ஓடிவந்தார்கள். ஷப்தாய் மாமா! மூச்சு வாங்கியது. கையில் வேனை மூடும் பெரிய நைலான் உறை.

திர்சாவின் அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்தார். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்தன. "ஒரு மேகம்கூட இல்லையே, ஷப்தாய்ண்ணே?"

"யோவ், இப்பத்தானே மழை கேட்டுட்டு வர்றேன்! ஏணியைப் பிடிய்யா!"

தாய்ப்புறா வந்துபோக வழி விட்டு மூவருமாகக் கூரையை மூடினார்கள்.

நான்காம் நாள் காலையில் திர்சா ஜன்னலைத் திறந்தபோது கூடு காலியாக இருந்தது. அன்று மதியம் மழை கொட்டியது. காலிக் கூட்டின் மேல் உறை பத்திரமாக இருக்க, மேட்டில் நின்ற வெள்ளை வேன் தொப்பலாக நனைந்தது. அதைக் காட்டிக் காட்டி ஷப்தாய் மாமாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.