நான்காவது பெயர்

படகோட்டும் தெக்கோங் ஹமீதின் பட்டியலில் நான்கு பெயர்கள் இருந்தன. படகுக்கு வந்தவர்களோ மூன்று பேர்தான்.

பொங்கோல் படகுத்துறையில் வானம் அப்போதுதான் சாம்பல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. டீசல் வாடையும், ஐஸ் பெட்டிக்குள் கிடந்த சோத்தோங் கணவாயின் கவிச்சையும், ராத்திரி முழுக்க ஈரத்தில் ஊறிய கயிற்றின் பாசி வாடையும் ஒன்றாகக் கலந்து லாசரஸின் மூக்கில் ஏறின. கூட வந்த ரமணனும் அழகப்பனும் காப்பி வாங்கப் போயிருந்தார்கள். இவன் மட்டும் படகின் பின்பக்கத்தில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“நம்ம படகுல ஒரு ரூல் இருக்கு, பிரதர்,” என்றார் ஹமீது, ஓட்டும் அறைக்குள் இருந்தபடியே. “கிளம்பும்போது ஒரு தடவை, நங்கூரம் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பேரு கூப்பிடுவேன். பதில் வரணும். வரலன்னா எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.”

“நல்லதுதான்,” என்றான் லாசரஸ்.

“அழகப்பன், ரமணன் ரெண்டு பேரையும் இப்பதான் பாத்தேன். லாசரஸ் நீங்க. ஜூலியஸ்?”

லாசரஸின் கையிலிருந்த பெட்டி நழுவிக் காலில் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் நாலு பேர் சேர்ந்து பரோட்டா சாப்பிடப் போவதென்றாலும் வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டாக வேண்டும். போன வாரம் ஹமீது பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்டபோது, லாசரஸ் போன வருடம் வேறொரு தெக்கோங்குக்கு அனுப்பிய பட்டியலைத் தேடிப்பிடித்து, தேதியை மட்டும் மாற்றி அப்படியே அனுப்பிவிட்டான். சோம்பேறித்தனம், வேறென்ன? அந்தப் பட்டியலில் அவன் தம்பியின் பெயரும் இருந்தது. தம்பி ஜூலியஸ் கடலில் விழுந்து இன்றோடு ஒரு வருடம். உடல் கிடைக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் போவதே ஜூலியஸ் விழுந்த அந்தக் கடலடிப் பாறைத்திட்டுக்குத்தான். “செத்தவன் இடத்துக்குப் போறோம்னு சொன்னா எந்தத் தெக்கோங்கும் ஏத்திக்க மாட்டான், வாயத் திறக்காத,” என்று அழகப்பன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவர் தேக்காவில் முப்பது வருடம் தையல் கடை நடத்துகிறவர், ஆட்களின் மனசை அளவெடுக்கத் தெரிந்தவர். ஜூலியஸின் மனைவி கிளாரிசா முந்தின நாள் தேக்காவில் வாங்கித் தந்த மல்லிகையும் சாமந்தியும் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பையில் லாசரஸின் காலடியில் இருந்தன. எல்லோரும் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், எனக்குப் போவதற்கு ஓர் இடம்கூட இல்லையே என்று அவள் அழுதிருந்தாள். இன்று போகாவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

“ஜூலியஸ் எங்க, பிரதர்?”

“இருக்கான்,” என்றான் லாசரஸ். “டாய்லெட்டுக்குப் போயிருக்கான்.”

பள்ளிக்கூடத்தில் மட்டம் போட்ட கூட்டாளிக்காகப் பதில் சொல்வோமே, அப்படித்தான் வாயில் வந்தது. ஹமீது பேனாவால் டிக் போட்டார். பத்து நிமிடம் கழித்து, தம்பிக்கு வயிறு சரியில்லை, வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று லாசரஸ் கணக்குப் போட்டிருந்தான். அதற்குள் ரமணனும் அழகப்பனும் காப்பிப் பைகளை ஆட்டிக்கொண்டு வந்து ஏறினார்கள். ஹமீது அறையிலிருந்து தலையை நீட்டி, ஆள்காட்டி விரலை ஒவ்வொருவராக நகர்த்தி, உதடு அசைய எண்ணினார்.

“நாலு. சரி லா, கிளம்பலாம்.”

தன்னையும் சேர்த்து எண்ணியிருப்பார் என்று லாசரஸ் மனதைத் தேற்றிக்கொண்டான்.

படகு நகர்ந்ததும் அழகப்பன் தொப்பியைக் கழற்றினார். யார் எங்கே நின்று தூண்டில் போடுவது என்பதில் சண்டை வரக்கூடாதென்று அவர்கள் எப்போதும் குலுக்கல் போடுவார்கள். படகில் தூண்டில் செருகும் இடங்கள் நான்கு. அதனால் நம்பர் எழுதிய பாட்டில் மூடிகளும் நான்கு. அழகப்பனுக்கு ஒன்று, ரமணனுக்கு இரண்டு, இரண்டும் முன்பக்கம். லாசரஸுக்கு மூன்று, பின்பக்கம். மிச்சமிருந்த நான்காம் மூடியை எடுக்க அழகப்பன் தொப்பியைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

“எங்கயோ உருண்டிருக்கும்,” என்றார். பிறகு தொப்பியின் உட்புறத்தைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். “என்னடா இது, இப்படி நனைஞ்சிருக்கு?”

நங்கூரமிட்டுக் கிடந்த கப்பல்களையெல்லாம் தாண்டி, கட்டடங்களின் கடைசி மங்கலும் பின்னால் கரைந்து, நாலாபக்கமும் தண்ணீரும் வெயிலும் மட்டுமே மிஞ்சியபோது மணி பத்து. ஹமீது இயந்திரத்தை அணைத்து நங்கூரத்தை இறக்கினார். ஜெனரேட்டர் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் முன்பக்கத்தில் பேசுவது பின்பக்கத்துக்குக் கேட்காது. போன வருடமும் கேட்கவில்லை.

லாசரஸ் மூன்றாம் இடத்தில் நின்றான். வலப்பக்கம் நான்காம் இடம். போன வருடம் அந்த வேறு படகில் ஜூலியஸ் நின்றதும் நான்காம் இடத்தில்தான். லாசரஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை, சோத்தோங்கைக் கீற்றுக் கீற்றாக அறுப்பதிலேயே கண்ணாக இருந்தான். ஆனாலும் கடற்கரையில் ஈரத் துணியை உதறும்போது வருமே, அப்படியொரு குளிர்ந்த உப்புக் காற்று வலது கையில் மட்டும் பட்டுக்கொண்டே இருந்தது.

ஹமீது கண்ணயர்ந்த நேரம் பார்த்து மூவரும் பூக்களைக் கடலில் போட்டார்கள். லாசரஸ் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னான். இந்துக்களான மற்ற இருவரும் கைகூப்பி நின்றார்கள். “நல்ல பையன்,” என்றார் அழகப்பன். ரமணன் மூக்கை உறிஞ்சினான். பிறகு, வந்த இடத்தில் சும்மா இருப்பானேன் என்று இருவரும் முன்பக்கம் தூண்டில் போடப் போய்விட்டார்கள்.

தண்ணீர் வேகமாகப் படகின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ரமணன் வீசிய காலிப் பை கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. பூக்கள் போகவில்லை. நான்காம் இடத்துக்கு நேர் கீழே, படகை ஒட்டி, ஒன்றுகூட விலகாமல் கிடந்தன.

லாசரஸ் நெடுநேரம் அவற்றையே பார்த்தான்.

பன்னிரண்டரைக்கு ஹமீது நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை எடுத்துவந்தார். ஒன்றை லாசரஸின் கையில் கொடுத்தார். இன்னொன்றை நான்காம் இடத்துப் பலகையில் வைத்தார்.

“உங்க தம்பிதானே? ஜாடை அப்படியே இருக்கு,” என்றார்.

லாசரஸ் குனிந்து பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தான்.

“பேசவே மாட்டாரா? காலைலேர்ந்து பாக்குறேன். தூண்டில் போடல. உக்காரல. உங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு.” ஹமீது குரலைத் தாழ்த்தினார். “ஏதும் கோவமா?”

“இல்ல,” என்றான் லாசரஸ். யாரோ வேறொருவன் சொன்னதுபோல் கேட்டது.

“துண்டு இருந்தா குடுங்க. உடம்பெல்லாம் சொட்டுது பாருங்க.”

ஹமீது போய்விட்டார். லாசரஸ் மெல்ல, மிக மெல்ல, கண்ணை மட்டும் வலப்பக்கம் ஓட்டினான். யாரும் இல்லை. பலகையில் இரண்டு ஈரப் பாத அடையாளங்கள் இருந்தன. உச்சி வெயில் எல்லாவற்றையும் பொரித்துக்கொண்டிருந்தது, அவை மட்டும் காயவில்லை. விரல்கள் இருந்த பக்கம் அவனை நோக்கியிருந்தது.

அவனுக்குப் பயம் வந்தது. கூடவே, பயத்தைவிட மோசமாக, போன வருடமும் வந்தது.

அன்றைக்கும் இதே இடம்தான். லாசரஸின் தூண்டிலில் பெரிய களவா மீன் ஒன்று சிக்கியிருந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு மீன் அவனுக்கு மாட்டியதில்லை. இரண்டு கையாலும் தூண்டில் கழியைப் பிடித்திருந்தான். அப்போது “அண்ணே” என்று சத்தம் கேட்டது. கத்தல்கூட இல்லை. கண்ணோரத்தில் பார்த்தான். தண்ணீரிலிருந்து நீண்டு படகின் விளிம்பைப் பிடித்திருந்த நான்கு விரல்கள். நீச்சல் தெரிந்தவன்தானே, ஏறிவிடுவான் என்று நினைத்தான். “ஒரு நிமிஷம் இருடா,” என்றான். மீன் மேலே வந்தபோது விரல்கள் இல்லை.

பதினோரு கிலோ இருந்தது அந்த மீன்.

போலீஸிடம், பங்குச் சாமியாரிடம், கூட்டாளிகளிடம், எல்லோரிடமும் ஒரே பேச்சுத்தான் பேசினான்: நான் பார்க்கவில்லை. “கடைசியா ஏதாவது சொன்னாரா?” என்று கிளாரிசா கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றான்.

இப்போதே முன்பக்கம் போய், ரமணனிடமும் அழகப்பனிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும். பட்டியலில் பெயர் இருப்பதையும், பதில் சொன்னதையும், அந்த நான்கு விரல்களையும். காறித் துப்பினால் துப்பட்டும். ஓர் அடி எடுத்து வைத்தான். கிளாரிசாவின் முகம் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் கரையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றுவிட்டான்.

மூன்று மணிக்குக் கிழக்கே வானம் கறுத்தது. அதே நேரம் முன்பக்கத்தில் ஆரவாரம். மீன் கூட்டம். ரமணனின் தூண்டிலும் அழகப்பனின் தூண்டிலும் ஒன்றாக வளைந்தன. ஹமீது வலையோடு ஓடினார்.

லாசரஸின் தூண்டிலும் வளைந்தது.

இரண்டு கையாலும் பிடித்தான். அதே கனம். அதே இழுப்பு. ஜெனரேட்டர் தடதடத்தது. பூவின் வாசனை வந்தது. அழுகிய மல்லிகை.

“அண்ணே.”

வலப்பக்கம். கீழே.

அவன் பார்த்தான். இந்தத் தடவை முழுதாகத் திரும்பிப் பார்த்தான். படகின் விளிம்பில் நான்கு விரல்கள். வெளுத்து, ஊறி, தோல் தளர்ந்த விரல்கள். ஒன்றில் கிளாரிசா போட்ட மோதிரம்.

லாசரஸ் தூண்டிலை விட்டான். அது கடலுக்குள் பாய்ந்து போயிற்று. போகட்டும். அவன் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினான்.

“வந்துட்டேன்டா, வந்துட்டேன். நான் பாத்தேன்டா அன்னைக்கு. பாத்தேன். மன்னிச்சிருடா தம்பி.”

கை அவன் கையைப் பற்றியது. ஐஸ் பெட்டிக்குள் கிடந்ததுபோல் சில்லென்றிருந்தது. இழுத்தான். கனமே இல்லை. காலிச் சட்டையைத் தூக்குவதுபோல் வந்தது. தோள் வந்தது. தலை வந்தது. அவன் தம்பியின் முகத்தைப் பார்த்தான்.

பிறகு கனம் வந்தது. பதினோரு கிலோ அல்ல. ஒரு வருடத்துக் கடல் முழுவதும்.

சத்தமே இல்லாமல் லாசரஸ் தண்ணீருக்குள் போனான்.

மேலே வந்தான். இருமினான். கை துழாவிப் படகின் விளிம்பைப் பிடித்தது. நான்கு விரல்கள். அதற்குமேல் ஏற முடியவில்லை. கணுக்காலை எதுவோ பிடித்திருந்தது. இழுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தது.

“ரமணா!”

முன்பக்கத்திலிருந்து பதில் வந்தது. மூச்சு வாங்கும் குரல். மீனோடு மல்லுக்கட்டும் குரல்.

“ஒரு நிமிஷம் இருங்கண்ணே!”

படகின் மேல் யாரோ நடந்தார்கள். ஈரக் காலடி. சொத்... சொத்... அவன் விரல்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சொட்டுச் சொட்டாக அவன் கையில் தண்ணீர் விழுந்தது.

மழை நெருங்கியது. ஹமீது ஓட்டும் அறைக்கு ஓடி வந்தார். முன் கண்ணாடி வழியாக இரண்டு பேரைப் பார்த்து இரண்டு டிக் போட்டிருப்பார். பின் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

“காத்து வருது, கிளம்பணும். ஜூலியஸ்?”

“இருக்கேன்.”

அந்தக் குரல். வீட்டில், கோயிலில், போனில், முப்பத்தைந்து வருடம் கேட்ட குரல்.

“லாசரஸ்?”

லாசரஸ் வாயைத் திறந்தான். கணுக்காலில் இருந்த பிடி அவனை ஒரு சாண் கீழே இழுத்தது. வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

“லாசரஸ் எங்க, பிரதர்?”

மேலே, அமைதியாக:

“இருக்காரு. டாய்லெட்டுக்குப் போயிருக்காரு.”

ஜன்னல் மூடியது. நங்கூரம் தூக்கும் சங்கிலி கரகரத்தது. எஞ்சின் உறுமியது. அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

படகு விலகியது. பத்து அடி. முப்பது அடி. மழை இறங்கியது. முன்பக்கத்தில் ரமணன் ஏதோ மீனைத் தூக்கிக் காட்டி அழகப்பனோடு சிரித்துக்கொண்டிருந்தான். பின்பக்கத்தில், மூன்றாம் இடத்தில், லாசரஸின் தொப்பியை மாட்டிக்கொண்டு, லாசரஸின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஓர் ஆள் வீட்டுக்குப் போகிறவன்போல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

லாசரஸின் கழுத்தைச் சுற்றிப் பூக்கள் வந்து கூடின. ஒன்றுகூட விலகவில்லை.

அந்த ஆள் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.