காலி என்று தீர்ப்பான வீடுகள்

பதினான்காம் வீட்டின் கூரை சரியாக உட்காரவில்லை. அரிசி மணி அளவுக்கு ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. கர்னல் அதை ஆள்காட்டி விரலால் அழுத்தினார். உட்கார்ந்தது. விரலை எடுத்தார். மறுபடி எழுந்தது.

கர்னல் என்றால் பட்டாளத்துக் கர்னல் இல்லை. பள்ளிக்கூட அணிவகுப்புக்கே வயிற்றுவலி என்று மட்டம் போட்டவர். நகராட்சியில் முப்பது வருஷம் கட்டிட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றதும், கூடத்தை ஒட்டிய அறையில் எட்டடி மேசையைப் போட்டு, அதன்மேல் முந்தைய தலைமுறைக் காலத்துச் சீன நகரம் ஒன்றை அட்டையாலும் மெல்லிய பலகையாலும் கட்டி, சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள சிப்பாய்களை அதில் இறக்கி, சீனப் படைக்கும் ஜப்பானியப் படைக்கும் வாரா வாரம் தெருச்சண்டை நடத்திக்கொண்டிருந்தார். போர்மேசைச் சங்கத்தில் அவருக்குக் கர்னல் என்று பேர் வைத்தார்கள். வைக்கும்வரை அவர் விடவில்லை என்று சொல்வதுதான் சரி.

நகரத்தில் நாற்பத்திரண்டு வீடுகள். உள்ளே சிப்பாய்களை நிறுத்துவதற்காக எல்லா வீட்டுக்கும் கூரை தனியாகக் கழன்று வரும். ஜப்பானியச் சிப்பாயின் காலில் சுற்றிய பட்டை எந்த மாதிரிப் பழுப்பு, சீனச் சிப்பாயின் தலைக்கவசம் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் கர்னல் ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் பேசுவார். அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முதலில் எழுதிய விதிப் புத்தகத்தில் அவர்களுக்கும் ஒரு பக்கம் இருந்தது: வீட்டுக்குள் ஆள் உண்டா என்பதை நடுவர் சொல்ல வேண்டும், உண்டென்றால் தீ வைக்கக் கூடாது. அது ஆட்டத்தை இழுக்கிறது என்று எல்லோரும் முனகியதால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, ஒரே வரியில் ஏழாம் விதியை எழுதினார். ஆட்டம் தொடங்கும்போது எல்லா வீடுகளும் காலி.

அந்த வார்த்தை அவருக்குக் கைப்பழக்கம். இடிக்கப்போகும் வீட்டை நேரில் போய்ப் பார்த்து, உள்ளே யாரும் இல்லை என்று சான்று எழுத வேண்டியது ஆய்வாளரின் வேலை. வெயிலில் யார் அலைவது? மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தபடியே காலி, காலி, காலி என்று எழுதித் தள்ளுவார். முப்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பிசகியது. அதுவும் பகல் நேரம் என்பதால் பெரும்பாலோர் வேலைக்குப் போயிருந்தார்கள். பெரும்பாலோர்.

அவர் கூரையைக் கழற்றினார். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பலகைத் தரை, வண்ணம் பூசிய மாடிப்படி. ஆனால் ஒரு வாடை மேலே வந்தது. கோந்து வாடை இல்லை, வண்ண வாடையும் இல்லை. நிறையப் பேர் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, பேச்சை அடக்கி, ஒருவர் தோளில் ஒருவர் இடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்த அறையின் வாடை: வியர்வை, மக்கிய துணி, குழந்தை மூத்திரம். தரையில் விரலை வைத்தார். ஆள் எழுந்து போன பாயைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

தப்பு என்றால் அந்த வீட்டில் அது மனைவியின் தப்பாகத்தான் இருக்கும். முப்பத்தைந்து வருஷ நடைமுறை. கர்னல் சமையலறை வாசலில் போய் நின்று, மேசையை யார் துடைத்தது என்று அதட்டினார். தான் அந்த அறைக்குள் கால் வைத்தே மாசக்கணக்காகிறது என்றாள் அவள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக வைத்திருந்ததைப் போல, ஒன்று கேட்டாள்.

"ஏங்க, எல்லா வீடும் காலின்னு எழுதி வச்சிருக்கீங்களே. ஆள் இல்லாததும் காலிதான், ஆளைத் தீர்த்துட்டாலும் காலிதான். நீங்க எதைச் சொல்றீங்க?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? மூணு மணிக்கு ஆளுங்க வராங்க. டீயைப் பாரு."

மூன்று மணிக்கு வக்கீலும் பல் டாக்டரும் வந்தார்கள். வக்கீல் ஜப்பானியர், டாக்டர் சீனர், கர்னல் நடுவர். வாழ்க்கையில் ஒரு தடவையாவது பசியோடு தூங்கியிராத மூன்று பேர், அடுத்தவன் ஊரை எப்படிப் பிடிப்பது என்று சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார்கள். ஆட்டம் முடிந்ததும் சங்கத்துக்குத் தலைவர் யார் என்று பேசுவதாக ஏற்பாடு. வக்கீல் தலையாட்டினால் கர்னல்தான். போன வருஷமே ஆட்டியிருக்க வேண்டிய தலை. அதற்காகக் கர்னல் ஒரு வருஷமாக அந்த ஆளின் மட்டமான ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெயில் பட்டால் சிப்பாய்களின் வண்ணம் வெளுக்கும் என்பதால் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு மேசைக்கு மேல் ஒற்றை விளக்கை மட்டும் போடுவது வழக்கம். அந்த வெளிச்சத்தில் சந்துகள் கறுத்துக் கிடந்தன. வீட்டு வரிசைகளின் நிழல்கள் தெருவுக்குக் குறுக்கே படுத்திருந்தன. பகடை உருளும் சத்தம், அளவு நாடா சரக்கென்று சுருளும் சத்தம், டாக்டர் டீயை உறிஞ்சும் சத்தம். இவற்றுக்கு அடியில், கவனித்தால் மட்டும் கேட்கிற மாதிரி, சுவரை எதனாலோ சுரண்டும் சத்தம்.

தெருவில் இறங்கினால் குண்டு பாயும் என்பதால், வீட்டுக்கு வீடு நடுச்சுவரில் ஓட்டை போட்டு உள்ளுக்குள்ளேயே நகர்வது தெருச்சண்டையில் ஒரு முறை. டாக்டர் அப்படித்தான் பன்னிரண்டாம் வீட்டிலிருந்து பதிமூன்றுக்கு வந்திருந்தார். பதிமூன்றிலிருந்து வக்கீலின் பீரங்கி தெரிகிறதா என்பதில் தகராறு வந்தது. சிப்பாயின் கண்மட்டத்துக்குக் குனிந்து, எந்த ஜன்னலிலிருந்து எது தெரியும் என்று பார்த்துச் சொல்வது நடுவரின் வேலை. கர்னல் மேசை விளிம்பில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடினார்.

பதினான்காம் வீட்டின் ஜன்னல் நேர் எதிரே இருந்தது. நகத்தளவு ஜன்னல். அதற்கு உட்புறமாக ஒரு துணியை யாரோ இழுத்து மூடினார்கள்.

கர்னல் அசையாமல் கிடந்தார். துணிக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. கொசுவின் முனகலை விடச் சின்னதாக, ஆனால் குழந்தைதான். அதன் வாயைப் பொத்தி ஒரு பெண் உஷ் என்றாள்.

தெரிகிறதா இல்லையா என்று வக்கீல் மேலேயிருந்து கேட்டார். தெரியவில்லை என்றார் கர்னல். எழுந்து நின்றார். மற்ற இருவரின் முகத்தையும் பார்த்தார். அவர்களுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. டாக்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வக்கீல், வீடு வீடாகப் போய்ப் பிடிக்க இனித் தனக்குப் பொறுமை இல்லை, பன்னிரண்டிலிருந்து இருபதுவரை வரிசையையே கொளுத்திவிடப் போவதாக அறிவித்தார். தோற்கப்போகிற டாக்டருக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

"பழைய விதிப்படி உள்ள ஆள் இருந்தா கொளுத்த முடியாது. நடுவர் சொல்லட்டும், வக்கீல் சார்."

"பாதி ஆட்டத்துல பழைய விதியா? பல்லைப் பாதி பிடுங்கினதும் மரத்துப்போற ஊசி வேணுமான்னு கேக்கற ஆளாச்சே நீங்க. சரி, கர்னல் சார், ஒரு வார்த்தை. ஆள் உண்டா, காலியா?"

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். மேசையில் சுரண்டல் நின்றது. பதினான்காம் வீட்டில் மூச்சு அடங்கியது. ஒரு வீட்டில் மட்டும் இல்லை. ஒன்பது வீடுகளிலும். கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. உண்டு என்று சொன்னால் போதும். செலவில்லாத வார்த்தை. சொன்னால் வக்கீல் சிரிப்பார். கர்னலுக்கு அட்டைப்பெட்டிக்குள் குழந்தை அழுகிறதாம் என்று சங்கம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். தலைவர் நாற்காலி போகும்.

"காலி," என்றார் கர்னல்.

தீ என்பது ஆரஞ்சு நிறம் தோய்த்த பஞ்சு. வக்கீல் அதைப் பிய்த்துப் பிய்த்து ஒன்பது கூரைகளிலும் வைத்தார். பதினான்காம் வீட்டின் கூரை எழும்பியது. உட்கார்ந்தது. மறுபடி எழும்பியது. கூரை ஒழுங்காகவே உட்காரவில்லையே என்று அலுத்துக்கொண்டு வக்கீல் உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். அதற்குப் பிறகு அது எழும்பவில்லை. கர்னல் டீயைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்தார்.

ஐந்தரைக்குக் கர்னல் தலைவரானார். கைகுலுக்கிவிட்டு இருவரும் போனார்கள். அவர் மேசை அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெயித்த மனிதனைப் போல உட்கார முயன்றார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு பஞ்சுதான், அட்டை அட்டைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முப்பது வருஷம் தன் மனசாட்சியைத் தூங்க வைத்த குரலிலேயே சொன்னார்.

தொம்.

தெருவில் ஏழு வீடுகள் ஒன்றுக்கொன்று சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு ஒட்டி நின்றன. அவருடையது கடைசி. சத்தம் முதல் வீட்டுப் பக்கமிருந்து வந்தது. தொம். தொம். பிறகு செங்கல் சரியும் சத்தம். இடிக்கிற சத்தம் அவருக்குத் தெரியாததா? கடப்பாரை. உள்ளேயிருந்து. நடுச்சுவரில். சரிந்து முடிந்ததும் நிறையக் கால்கள் தரையை உரசின. ஏதோ பேச்சு எழுந்து அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

தொம். இப்போது இரண்டாம் வீட்டில்.

கர்னல் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆறு வீட்டு வாசலிலும் செருப்புகள் கிடந்தன, ஸ்கூட்டர்கள் நின்றன, ஒரு வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. யாரும் கதவைத் திறந்து என்ன சத்தம் என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே மணி அடித்தது. யாரும் வரவில்லை. வாசல் பெஞ்சில் பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று பற்பசை நுரையோடு கிடந்தது. ஓடி வந்து கதவைத் தாழிட்டு, கூடத்து நாற்காலியில் ஒடுங்கினார்.

மூன்றாம் வீடு. நான்காம் வீடு. புகை வாடை வந்தது. பஞ்சு கருகும் வாடை இல்லை. மரம் கருகும் வாடை. மயிர் கருகும் வாடை.

சிப்பாய்கள் என்று நினைத்தார். சீனரா, ஜப்பானியரா? தலைக்கவசத்தில் ஆணியின் எண்ணிக்கைவரை தெரிந்த மனிதருக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் வருவது எந்தப் படை என்று தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். ஏய் என்று கூப்பிட்டார். பேரைச் சொல்லிக் கூப்பிட நினைத்தார். பல வருஷமாகச் சொல்லாத பேர் சட்டென்று நாக்குக்கு வரவில்லை.

ஐந்து. ஆறு.

அவள் கூடத்துக்கு வந்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை. பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரை மறைத்து நின்ற இரும்பு பீரோவைத் தோளால் முட்டி, அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். பீரோ தரையைக் கீறியது. மறைவு விலகிச் சுவர் தெரிந்தது.

"என்ன பண்றே? உனக்கென்ன பைத்தியமா?"

அவள் தரையைப் பெருக்கினாள். இருந்த பாய்களையெல்லாம் கொண்டுவந்து விரித்தாள். குடத்தில் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

தொம்.

சுண்ணாம்பு உதிர்ந்தது. விரிசல். ஒரு செங்கல் உள்ளே விழுந்தது. அந்த இருட்டில் ஒரு கை. சின்னக் கை. துப்பாக்கி இல்லை. துணி மூட்டை. அவள் அதை வாங்கிக் கீழே வைத்தாள். அடுத்த செங்கல். அடுத்தது.

வந்தார்கள். குனிந்து, ஒவ்வொருவராக. பெண்கள். கிழவர்கள். இடுப்பில் குழந்தைகள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார்கள். தீயை அணைக்க வேறெதுவும் கைக்கு எட்டாமல் தங்கள் மேலேயே தண்ணீரை ஊற்றிக்கொண்டவர்களைப் போல. முகத்தில் கரி. புருவங்கள் இல்லை. பல நாட்டு முகங்கள். அவர்களுக்கிடையில் பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார். வாய் ஓரத்தில் பற்பசை நுரை காய்ந்திருந்தது. ஓர் ஓரத்தில், கர்னல் ஒரு காலத்தில் போய்ப் பார்க்காமல் விட்ட தெருவின் ஆட்களைப் போல, தலைமேல் சுவர்த்தூசி படிந்த ஆறேழு பேர். முதலில் வந்த பெண் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கர்னலையும் பார்த்தாள். நாற்காலியைப் பார்க்கிற மாதிரி. பிறகு மனைவியிடம் கண்ணால் கேட்டாள்.

"தாராளமா உள்ள வாங்கம்மா," என்றாள் மனைவி. "இங்க யாரும் இல்ல."

"நான் இருக்கேன்," என்றார் கர்னல்.

யாரும் திரும்பவில்லை.

இன்னும் சத்தமாகச் சொன்னார். கூடம் நிறைந்துகொண்டிருந்தது. பாயில், பாய் இல்லாத இடத்தில், மாடிப்படியில். தோளோடு தோள். ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்து அவர் காலில் முதுகைச் சாய்த்தார், தூணில் சாய்வது போல. ஒருத்தி மூட்டையை அவர் மடிமேல் வைத்தாள். கனத்தது. அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று மனைவியின் தோளைத் தொட ஒரு கையை நீட்டினார். எட்டவில்லை. கை அந்தரத்தில் நின்றது.

புருவம் இல்லாத ஒரு பெண் குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பிழிந்தாள். எங்கே போடுவது என்று இடம் தேடினாள். நீட்டிய கையில் போட்டாள். சுருக்கம் எடுத்து, இரண்டு நுனியையும் இழுத்து நேராக்கினாள்.

கையை இறக்க முயன்றார். இறங்கவில்லை.

சட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் அவருடைய பாதத்தில் சொட்டியது. அவளுக்குப் பின்னால், தன் முறைக்காக, இன்னொருத்தி ஈரத் துணியோடு நின்றாள்.