நீலம் வராத ஐந்து குடுவைகள்

எனக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் சூடாகிவிடும். அன்றைக்குக் கொதித்தே விட்டன.

பள்ளி விடுமுறை என்பதால், அம்மா வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு நானும் போயிருந்தேன். துணிக்குப் போடும் நீலச் சாயத்தை அங்கே நுண்ணுயிரிகள் தயாரிக்கின்றன. மரபணுவை மாற்றி, அவற்றுக்கு அந்த வேலையைக் கொடுத்ததே அம்மாவின் குழுதான். குடுவைக்குள் அந்தப் பொடிசுகள் வளர வளர, திரவம் நீலமாகும். கூடவே குடலைப் பிடுங்கும் நாற்றமும் வரும்.

அன்று காலை ஆறு குடுவைகளில் ஐந்து வெளிறிப்போய் இருந்தன. ஒன்றுதான் நீலம்.

அம்மா என்னவென்று பார்ப்பதற்குள் மேலாளர் வந்துவிட்டார். அறையைச் சுத்தம் செய்யும் அக்காவைக் கூப்பிட்டார். அக்காவின் கைபட்டு அழுக்குக் கலந்ததால்தான் எல்லாம் கெட்டுவிட்டது, நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றார். குடுவைகளைத் தொட்டதே இல்லை என்று அக்கா சொல்லிப் பார்த்தார். சோதித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று அம்மாவும் சொன்னார். மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

என்ன அநியாயம் இது! கண்ணால் பார்த்தாரா? வாயில் வந்ததைச் சொல்லி ஒருவரின் வேலையைப் பறித்துவிடலாமா?

நான் குடுவைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நீலக் குடுவையின் வாயில் பஞ்சு அடைத்திருந்தது. மற்ற ஐந்திலோ, பஞ்சுக்கு மேல் டேப்பும் இறுக்கிச் சுற்றியிருந்தது.

“பஞ்சு எதுக்கும்மா?”

“காத்து போறதுக்கு. காத்து இல்லேன்னா நீலம் வராது.”

“அப்போ டேப் எதுக்கு?”

அம்மா குனிந்து பார்த்தார். பிறகு மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார்.

முந்தின நாள் சாயங்காலம் விருந்தினர்கள் வந்தார்களாம். நாற்றம் வெளியே வரக்கூடாது என்று அவரே டேப்பைச் சுற்றினாராம். ஆறாவது குடுவைக்கு வருவதற்குள் டேப் தீர்ந்துவிட்டதாம்!

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மாவிடம், “சாரி, யோசிக்கல” என்றார். அவ்வளவுதான். கிளம்பப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அங்கிள், நீங்க திட்டினது அக்காவை. சாரி மட்டும் அம்மாவுக்கா?”

அம்மா என் கையை அழுத்தினார். மேலாளர் மெதுவாகத் திரும்பி அக்காவின் எதிரில் வந்து நின்றார்.

“தப்பு என்னோடதும்மா. மன்னிச்சிடுங்க. நாளைக்கு வந்துடுங்க.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“வர்றேன் சார். இனிமே எது கெட்டாலும், முதல்ல என்கிட்ட கேளுங்க. அப்புறமா திட்டலாம்.”

“கேக்குறேன்” என்றார் மேலாளர்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பசியே எடுத்தது.