யாரோ, நேரில்

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் பயம் கிடையாது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு ஒற்றுப்பிழைதான் பேய். அதனால் அக்கா போன் செய்து, "எலி, உடனே கிளம்பி வாடி, செத்துடுவேன் போலிருக்கு" என்றபோது, எப்போதும் போடும் கூச்சல்தானே என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எலி என்பது நான். எழுத்தைக் கொறித்தே வயிறு வளர்க்கிறேன் என்று அவள் வைத்த பெயர்.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய துறை இருந்த கட்டடம் முன்பு தொற்றுநோய் மருத்துவமனையாக இருந்தது. ஒரே நீளமான வார்டுக்கு நடுவே சுவர் எழுப்பி, வரிசையாக அறைகளாகத் தடுத்திருந்தார்கள். வகுப்புகளுக்கு விடுமுறையாதலால் எல்லா அறைகளும் பூட்டிக் கிடந்தன. மழை பிடித்துக்கொள்ளப் போகிறது என்று வானம் மத்தியானமே இருட்டியிருந்தது. நடை முழுக்கப் பினாயில் வாசனை அடித்தது. தரையைப் பார்த்தேன். புழுதி படிந்து காய்ந்து கிடந்தது, யாரும் துடைத்ததாகத் தெரியவில்லை.

அக்கா கடைசி அறையில் இருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. தலை வாரிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். கண் இரண்டும் உள்ளே போய்விட்டிருந்தன.

"அஞ்சு மணிக்குள்ள ஆய்வேட்டை ஆபீஸ்ல குடுக்கணும்டி. இல்லேன்னா பதிவே ரத்து. இதுக்கு மேல ஒரு நாள் கூடத் தர மாட்டாங்களாம்."

அந்த ஆய்வேட்டுக்காக அவள் நல்ல வேலையை விட்டாள். வந்த வரன்களை எல்லாம் விட்டாள். கடைசியில் அம்மாவோடு பேசுவதையும் விட்டிருந்தாள். இந்தக் கட்டடத்தில் கொள்ளைநோய்க் காலத்தில் செத்துப்போனவர்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. இன்று கைவிட்டுப் போனால் அவளிடம் மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. அவளும் இருக்க மாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"சரி, அழாம சொல்லு. நான் என்ன பண்ணணும்?"

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். மற்றவர்களைப் போல் அலங்காரமான மென்பொருள் எதுவும் அவள் வைத்துக்கொள்வதில்லை. வெறும் எடிட்டர், கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒரு கோப்பில் ஆய்வேடு. இன்னொன்றில் பேட்டிக் குறிப்புகள். மூன்றாவதில் மேற்கோள்களின் விவரம்: யார் சொன்னது, என்ன தலைப்பு, எந்த ஆண்டு. ஆய்வேட்டில், மின்னஞ்சல் முகவரியில் வருமே அந்த அட் குறியைப் போட்டு ஒரு சின்னப் பெயரைத் தட்டினால் போதும், அச்சுப்படி எடுக்கும்போது அது விவரக் கோப்பில் தேடி முழு மேற்கோளையும் இட்டு நிரப்பிவிடும். கோப்பில் அப்படி ஒரு பெயரே இல்லையென்றால் அந்த இடத்தில் கேள்விக்குறி விழும்.

"எழுதற வேகத்துல யார் சொன்னதுன்னு மறந்துபோச்சுன்னா, அட் போட்டு யாரோன்னு அடிச்சு வெச்சிடுவேன். அப்புறமா பாத்துக்கலாம்னு."

"எத்தனை எடத்துல?"

முந்தானையைத் திருகினாள்.

தேடிப் பார்த்தேன். ஆய்வேடு முழுக்க யாரோ, யாரோ, யாரோ. தலையில் அடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். சிலதைக் குறிப்புகளில் கண்டுபிடிக்க முடிந்தது. இது பழைய நர்ஸ் சொன்னது, இது பிண வண்டி ஓட்டியவரின் மகன் சொன்னது. சரியான பெயரைப் போட்டுக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "தண்ணீர் கேட்டுக் கேட்டு நாக்கு மரத்துப்போன பிறகு, கேட்பதை நிறுத்திவிட்டோம்."

"இது யாரு சொன்னதுக்கா? குறிப்புல இல்லையே."

"யாரோ சொன்னாங்க. இங்க உக்காந்திருந்தப்பதான் எழுதிக்கிட்டேன்."

"நிறுத்திட்டோம்னு சொல்றாங்க. அந்த வார்டுல பொழைச்சவங்க இருக்காங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

எத்தனை கேள்விக்குறி மிச்சம் என்று பார்ப்பதற்காக அச்சுப்படி எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. விவரக் கோப்பைத் திறந்தேன். கடைசியில் ஒரு புதுப் பதிவு இருந்தது.

ஆசிரியர்: யாரோ. தலைப்பு: பேச்சு. ஆண்டு: இந்த ஆண்டுதான். வகை: நேரில். இடம்: நடையின் அந்தக் கோடி.

"வெளையாடறியா? நேரமாகுது."

"நான் எழுதலடி. சத்தியமா."

தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பாள் என்று அழித்தேன். சேமித்தேன். மறுபடி அச்சுப்படி எடுத்தேன். கேள்விக்குறி இல்லை. பதிவு அதே இடத்தில் இருந்தது. ஒரு விவரம் மட்டும் மாறியிருந்தது.

இடம்: நடையின் நடுவில்.

வெளியே இரும்புக் கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது.

அந்தக் கட்டடத்தில் கட்டிலே கிடையாது.

"அக்கா, வா போயிடலாம்" என்று கிசுகிசுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "போயிட்டா? போயிட்டு என்னடி பண்றது? எனக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு?" அழுகிறாளா, சண்டை போடுகிறாளா என்று தெரியவில்லை. மறுபடியும் அழித்தேன். பதற்றத்தில் வேறு இரண்டு வரிகளும் சேர்ந்து போயின. திரும்பக் கொண்டுவந்தேன். திரும்பி வந்த பதிவில் ஆசிரியர் ஒருவராக இல்லை. யாரோ, யாரோ, யாரோ, யாரோ என்று திரை உருள உருளப் போய்க்கொண்டே இருந்தது. உருட்டி உருட்டிக் கடைசி வரிக்கு வந்தேன்.

இடம்: கதவு.

இருமல் கேட்டது. ஒருவர் இருமல் இல்லை. ஒரு வார்டே இருமுகிற இருமல்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய பேராசிரியர் போன் செய்தார். "எங்கம்மா இருக்கே? ஆபீஸ்ல பூட்ட ரெடியாயிட்டாங்க. உனக்காக நான் கெஞ்சிக்கிட்டு நிக்கிறேன்." போனை வைத்ததும் அக்கா மடிக்கணினியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என்னக்கா பண்ணப் போறே?"

"எல்லாத்துக்கும் என் பேரைப் போட்டுடறேன். நானே சொன்னதா இருந்துட்டுப் போகட்டும். நான் எழுதின பழைய கட்டுரை ஒண்ணு இருக்கில்ல, அதையே காட்டிக்கலாம்."

"மொத்தமா மாத்தாதே! ஒவ்வொண்ணா பாத்து மாத்து!"

மெய்ப்புத் திருத்துகிற யாரும் அந்தப் பொத்தானைத் தொட மாட்டோம். ஒரு சொல்லை மொத்தமாக மாற்றச் சொன்னால் இயந்திரம் அதைப் போட வேண்டிய இடத்திலும் போடும், போடக் கூடாத இடத்திலும் போடும். அக்காவோ அவசரத்தில் அட் குறியைக்கூடச் சேர்க்காமல் வெறும் யாரோ என்று தட்டி, எதிரே தன் பெயரைத் தட்டி, எல்லாவற்றையும் மாற்று என்று அமுக்கிவிட்டாள்.

இருமல் சட்டென்று நின்றது.

திரையைப் பார்த்தேன். மேற்கோள்கள் மாறியிருந்தன. ஆய்வேடும் மாறியிருந்தது. "அந்தக் கட்டிலில் யாரோ செத்துக் கிடந்தார்" என்ற இடத்தில் அக்காவின் பெயர் செத்துக் கிடந்தது. "சுவரோரம் யாரோ தண்ணீர் கேட்டார்" என்ற இடத்தில் அவள் தண்ணீர் கேட்டாள். யாரோடும் என்பதற்குள்ளும் ஒரு யாரோ உண்டு அல்லவா, அதையும் இயந்திரம் விடவில்லை. ஒவ்வொரு கட்டிலிலும், ஒவ்வொரு பாடையிலும், ஒவ்வொரு குழியிலும் அவள்.

மீட்பதற்கான விசையை அமுக்கினேன். மாறவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன். அவள் பெயர் அப்படியே இருந்தது.

மின்சாரம் போயிற்று. பேட்டரியில் ஓட வேண்டிய திரையும் அணைந்தது.

"அக்கா!"

"என்னடி?" என்றாள், என் பக்கத்தில்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"என்னடி?" என்று அடுத்த அறையிலிருந்தும் கேட்டது.

அதற்கு அடுத்த அறையிலிருந்தும். அதற்கும் அடுத்ததிலிருந்து. பூட்டிக் கிடந்த ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும், நடையின் அந்தக் கோடி வரைக்கும், "என்னடி? என்னடி?" என்று அக்காவின் குரல்.

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. இருட்டில் கையை நீட்டித் துழாவினேன். ஒரு கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டு, சுவரில் மோதி, விழுந்து எழுந்து, வெளியே மழைக்குள் ஓடினேன். வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கத் தைரியம் வந்தது. அக்காதான். அதே முகம், அதே திருகிய முந்தானை. அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினேன். அவள் கைக்குள் பென் டிரைவ் இருந்தது. எப்போது அதில் ஏற்றினாள் என்று நான் கேட்கவில்லை.

ஆபீஸ் பூட்டுவதற்குள் கொடுத்துவிட்டோம். பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தேர்வாளர்கள் படித்துவிட்டு, பக்கத்திலேயே இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறாள் என்று ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்களாம். அம்மா அவளோடு பேசத் தொடங்கினாள். அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், தலை வாரிக்கொள்கிறாள், சண்டையே போடுவதில்லை. தண்ணீர்தான் நிறையக் குடிக்கிறாள். என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். பட்டம் வாங்கியவள், பக்குவம் வந்துவிட்டது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொள்ளாமல் வேறு என்ன செய்வது?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் கூடம் முழுக்க அடித்தது. என் போன் மணி அடித்தது. அவளுடைய துறையின் பழைய எண். எடுத்தேன்.

முதலில் இருமல் கேட்டது. பிறகு குரல்.

"எலி... அஞ்சு மணி ஆயிடுச்சாடி?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒரே இருட்டா இருக்கு. தண்ணி கேட்டா யாரும் தர மாட்டேங்கறாங்க. நான் கையை நீட்டிக்கிட்டே நின்னேனே, எலி. நீ யாரைக் கூட்டிக்கிட்டுப் போனே?"

எதிரில் இருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணை இமைக்கவில்லை.

"யாரு போன்ல?"

எனக்கு உயிர் மேல் ஆசை இருந்தது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

"யாரோ" என்றேன்.

போனில் இருமல் நின்றது.