ஐந்தாம் தாளின் பின்பக்கம்

மாலை நான்கு மணிக்கு நூலகத்துக்குப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு வாளி நிறையக் குடைகள். உள்ளே ஈரத்துணி வாடையும், பழைய புத்தகப் பசையின் வாடையும்.

கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'மாணவ எழுத்தாளர்கள் வாசிக்கிறார்கள். ஆளுக்கு எட்டு நிமிடம்.'

மேடம் எதிரே வந்தார். கல்லூரியில் என் மனைவிக்கு எழுத்து வகுப்பு எடுத்தவர்.

"கொண்டு வந்தீங்களா?"

உறையை நீட்டினேன். உள்ளே ஐந்து தாள்கள். நான் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். அங்கே கழித்துப்போடும் சரக்குப் பட்டியல்களை வீட்டுக்கு எடுத்து வருவேன். அவற்றின் வெற்றுப் பக்கத்தில்தான் அவள் தன் கதைகளை அச்சடிப்பாள்.

"நீங்க படிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல."

அவர் உறையை வாங்கிக்கொண்டார்.

அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள். நான்காம் நாள் அவளுடைய கைப்பையை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை நான் வீட்டைக் காலி செய்வதாக இருந்தது. பெட்டிகள் எல்லாம் கட்டி முடித்துவிட்டேன். கட்டும்போது கிடைத்தவைதான் இந்தத் தாள்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் இரண்டு பையன்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"பதினாறு பேர்டா. நல்ல கூட்டம்."

"அதுல ஆறு பேர் மழைக்கு ஒதுங்கினவங்க."

"ஒதுங்கினவங்கதான்டா கடைசி வரைக்கும் இருப்பாங்க. நம்ம ஆளுங்க போண்டா தீந்ததும் கிளம்பிடுவாங்க."

"போண்டாவே கிடையாது."

"அப்ப நானும் கிளம்பறேன்."

வகுப்பிலேயே வயதில் மூத்தவள் என் மனைவிதான். கல்யாணத்துக்குப் பிறகு படிக்கச் சேர்ந்தவள். பிள்ளைகள் அவளுக்கு 'எட்டு நிமிஷம் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதை வாசித்தாலும் எட்டு நிமிடத்தில் முடித்துவிடுவாளாம். நொடி பிசகாதாம்.

எப்படி என்று எனக்குத் தெரியும். சமையலறையில் ஒரு டைமர் இருந்தது. கையால் முறுக்கிவிடும் வகை. அதைக் கிர்ர் என்று எட்டு வரைக்கும் முறுக்கி, அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, சத்தமாக வாசித்துப் பழகுவாள். மணி அடிக்கும்போது கடைசி வரியில் இருப்பாள்.

"எட்டு நிமிஷந்தான்பா. உக்காந்து கேளேன். குறுக்க மட்டும் பேசாத."

"நாளைக்கு" என்பேன். காதில் ஹெட்போன் இருக்கும். அதையும் தாண்டி அந்த மணிச் சத்தம் கேட்கும். கதை கேட்டதில்லை.

முதலில் ஒரு பையன் தொலைந்த சைக்கிளைப் பற்றிய கதையை வாசித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து, கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப் பெண் எழுந்தாள். கையில் என் மனைவியின் தாள்கள்.

"இது எங்க எட்டு நிமிஷம் அக்கா எழுதுனது. நான் அவங்களுக்காகப் படிக்கறேன்."

கதை ஒரு பஸ் நிலையத்தில் நடந்தது. தொலைந்த பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில் ஒருத்தி வேலை பார்க்கிறாள். யாரும் தேடி வராத ஒரு குடையோடு அவள் பேச ஆரம்பிக்கிறாள். நல்ல கதை. இவ்வளவு நன்றாக எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது.

மேடம் மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினார். இன்னும் ஒரு நிமிடம்.

அந்தப் பெண் ஐந்தாம் தாளின் கடைசி வரியை வாசித்தாள். கவுன்டரின் விளக்கு அணைந்தது. கதை முடிந்தது.

அவள் நிமிரவில்லை.

தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தை வாசிக்கத் தொடங்கினாள்.

"அவன் இப்போதெல்லாம் கட்டிலின் நடுவில் படுக்கிறான்."

குரல் அந்தப் பெண்ணுடையதுதான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்ன மூச்சு. மூடிய சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம், ஹெட்போனை மாட்டுவதற்குள் இரண்டு வருடம் என் காதில் விழுந்த மூச்சு.

"இன்று காலை என் செருப்பைக் கையில் எடுத்தான். எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. மூன்று முறை எடுத்தான். மூன்று முறை வைத்தான்."

காலையில் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"எல்லாப் பெட்டியின் மேலும் எழுதியிருக்கிறான். சமையலறை. துணி. புத்தகம். நாளை வண்டி வந்துவிடும்."

மழைச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

"நான் எந்தப் பெட்டியில் ஏறுவது?"

யாரோ இருமினார்கள்.

"எட்டு நிமிடம் கேட்டிருந்தால் போதும். போயிருப்பேன்."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். கைதட்டினார்கள். இறங்கி நேராக என்னிடம் வந்து தாள்களைக் கொடுத்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"முடிவு என்னமோ பண்ணிடுச்சுண்ணா. அக்கா எங்ககிட்ட அதப் பத்திச் சொல்லவே இல்ல."

ஐந்தாம் தாளைத் திருப்பினேன். ஆணி, இரண்டு அங்குலம், நாற்பது பெட்டி. கதவுக் கீல், பதினெட்டு டஜன். கீழே என் கையெழுத்து. வேறு ஒன்றும் இல்லை.

"எதப் பாத்துப் படிச்சீங்க?"

"இதத்தான். பின்னாடி பேனாவுல..."

குனிந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை. துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டே போய், அந்தப் பையன்களுக்கு நடுவில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கிளம்பும்போது மேடம் வாசல் வரை வந்தார்.

"பன்னெண்டு நிமிஷம் ஆயிடுச்சு. அவ எழுதுனதாச்சேன்னு நானும் நிறுத்தல. இதுக்கு முன்னாடி எட்டத் தாண்டுனதே கிடையாது."

வீட்டுக்கு வந்தபோது ஆறரை இருக்கும். விளக்கைப் போட்டேன். சுவரோரமாகப் பெட்டிகள். அவள் செருப்பு கதவோரத்தில், காலையில் விட்ட இடத்திலேயே இருந்தது.

குடையை மடக்கிக்கொண்டிருந்தேன்.

கிர்ர்.

'சமையலறை' என்று எழுதிய பெட்டி. மூன்று சுற்று டேப் ஒட்டியிருந்தேன். டேப் பிரியவில்லை.

டிக். டிக். டிக்.

ஓடிப்போயிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் இந்தச் சத்தத்திலிருந்து இரண்டு வருடம் ஓடியவன் நான். செருப்பைக் கழற்றி, அவளுடையதன் பக்கத்தில் வைத்தேன். பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

குரல் எதுவும் கேட்கவில்லை. டிக் சத்தத்துக்கு நடுவே மூச்சு மட்டும். ஒரு வரி போகும். மூச்சு. அடுத்த வரி. என்ன வரி என்று எனக்குப் புரியவில்லை. அசையாமல் இருந்தேன். ஹெட்போன் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு முறை நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

மணி அடித்தது.

"கேட்டேன்" என்றேன். "முழுசாக் கேட்டேன்."

அறை சும்மா ஒரு அறையாக இருந்தது. தெருவில் ஏதோ ஒரு வண்டி போயிற்று. போய்விட்டாள் என்று நினைத்தேன். நிம்மதியா வேறு ஏதாவதா, தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

கிர்ர்ர்ர்.

எட்டில் நிற்கவில்லை. அந்த டைமர் அறுபது நிமிடம் வரை போகும். அதற்கு மேல் முறுக்க முடியாத இடத்தில் டக்கென்று ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தம் வந்தது.

மறுபடி உட்கார்ந்தேன்.

கைபேசி அடித்தது. வண்டிக்காரர். காலையில் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார். அது அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது.

எடுக்கவில்லை. குறுக்கே பேசினால் அவளுக்குப் பிடிக்காது.