நேத்ராவின் இருபது நிமிடம்

"வெளியில மழை கொட்டுது மதினி, எனக்குக் கால் நனையவே இல்ல..."

"மரத்தடியில ஒதுங்கி நடந்தேன் நேத்ரா, அதான்..."

"சருகு மொறுமொறுன்னு நொறுங்குச்சு! மரம் என்ன, குடையா பிடிச்சுது?"

"உன் விரிப்புல ஏதோ கோளாறு. பழுது பார்க்கறவங்களைக் கூப்பிடுறேன்."

"முதல்ல உங்க துப்பட்டாவைப் பிழிங்க. வீடெல்லாம் சொட்டுது."

பிழிந்தேன். தம்பி மனைவியிடம் பொய் சொல்வது எனக்குப் பழகிப்போயிருந்தது. ஈரத் துணியோடு சொல்லத்தான் வரவில்லை.

எங்கள் ஊரில் மிஞ்சிய காடு கோட்டைப் பூங்காவுக்குள் மட்டும்தான். இடிந்த வெடிமருந்துக் கிடங்கில் தொடங்கி, அகழியை ஒட்டி, உசிலையும் வெப்பாலையும் அடர்ந்த நிழலில் ஒரு சுற்று. இருபது நிமிடத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். வேர் தாங்காது என்று ஒரு நேரத்துக்கு ஒருவரைத்தான் விடுகிறார்கள். அதுவும் நடக்க முடியாதவர்களின் பேரில் மட்டும்.

காய்ச்சலில் காலின் அசைவு போய், தொடு உணர்வு மட்டும் மிஞ்சிய நேத்ராவுக்குக் காலை ஏழு மணி கிடைத்தது. உணரிச் செருப்பு போட்டு நான் நடப்பேன். பதினெட்டாம் மாடியில் அவள் பாதத்துக்கு அடியில் இருக்கும் விரிப்பு, நான் மிதிக்கும் ஒவ்வொரு கல்லையும் சருகையும் ஈரத்தையும் அப்படியே உணர்த்தும். கால்பகிர்வு என்று இதற்குப் பெயர். காட்டுக்குள் நான் போவது அவள் காலாக, நானாக அல்ல.

"எத்தனை நாளா என்னை ஏமாத்துறீங்க?" நேத்ரா விடவில்லை.

"நாற்பது."

"ஒரே நடையையா விரிப்புல திருப்பித் திருப்பிப் போட்டு விட்டீங்க?"

"பங்குனியில நடந்தது. பதிவு பண்ணி வெச்சிருந்தேன்."

"அதான் தினமும் கிடங்குப் படியில தடுக்குனீங்களா? நீங்க வீட்டுக்கு வந்ததும், பார்த்து நடங்க மதினின்னு தினமும் சொன்னேனே. நீங்களும் சரி சரின்னு தலையாட்டுனீங்களே!"

துப்பட்டாவை மறுபடியும் பிழிந்தேன்.

"அந்த நேரத்துல எங்க போனீங்க?"

"அங்கதான். செருப்பைக் கழற்றி வெச்சுட்டு, வெறுங்காலோட. உன் காலா நடந்தா, ஒவ்வொரு அடியையும் உனக்காகப் பார்த்துப் பார்த்து மிதிக்கணும். ஒரே ஒரு தடவை யாரோட காலாவும் இல்லாம நடக்கணும்னு இருந்துச்சு. ஒரு தடவைன்னுதான் நெனச்சேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சுவர்த்திரையில் ஒரு கடிதத்தைத் திறந்தாள். நரம்பு மருத்துவ வாரியம் அனுப்பியது. நாற்பது நாளாக நோயாளியின் பாதம் எதற்கும் அசைந்து பதில் சொல்லவில்லை. இனித் தேறுவதற்கு வழியில்லை என்பதால் ஏழு மணி வேறொருவருக்கு மாற்றப்படுகிறது.

தை மாதம் அவள் வலது கட்டைவிரல் அசைந்தது. அந்த மாடி முழுக்க லட்டு கொடுத்தோம். மண் மாற மாறத்தான் நரம்பு விழிக்கும், பழகிய மண்ணில் தூங்கிவிடும் என்று பயிற்சியின் முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தார்கள். தெரியாது என்று சொல்லக்கூட வழியில்லை.

"எப்ப வந்துச்சு இது?"

"நேத்து. உங்ககிட்ட மறைச்சேன். இவ்வளவு நடந்தும் வீணாப்போச்சேன்னு மனசு உடைஞ்சு போவீங்கன்னு." அவள் முழங்காலைத் தடவினாள். "ஒரு நாள் முழுக்க இந்தக் காலைத் திட்டினேன் மதினி. செத்த காலே, செத்த காலேன்னு."

"உண்மையைச் சொன்னா உன் நேரத்தைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க."

"கொடுப்பாங்க. நான் சொன்னா எடுபடாது, நடந்தவங்களே சொல்லணும். வேற யாராவது எனக்கு நடப்பாங்க. உங்களைத்தான் ஆயுசுக்கும் எந்தக் காட்டுக்குள்ளயும் விடமாட்டாங்க."

என் கால்விரல் இடுக்கில் சேறு இன்னும் காயவில்லை. குளிர்ச்சியாக இருந்தது. அந்த நிமிடத்திலும் அது சுகமாக இருந்தது.

நேத்ரா திரையைத் தொட்டாள். "மருத்துவ வாரியம், சொல்லுங்க," என்றது ஒரு பெண் குரல்.

"எனக்காக நடந்தவங்க பக்கத்துல இருக்காங்க. அவங்க ஒண்ணு சொல்லணுமாம்," என்றாள் நேத்ரா. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க மதினி. கேட்டுக்கிட்டு இருக்காங்க."