நாற்பது முடிச்சுக் கயிறு

கயிறு பன்னிரண்டாவது முடிச்சில் நின்றுவிட்டது. நாற்பதாவது முடிச்சு வரை போயிருக்க வேண்டிய கயிறு.

முத்திரை அதை லேசாகத் தூக்கி மறுபடி இறக்கிப் பார்த்தார். நுனியில் கட்டிய ஈயக்குண்டு, மெத்தையில் உட்காரும் கனத்த மனிதரைப் போல, அடியில் எதன் மேலோ மெல்ல உட்கார்ந்தது. பாறையின் 'டக்' இல்லை, மணலின் உரசலும் இல்லை. வளைகுடாவின் இந்த நடுப்பகுதிக்கு வரைபடத்தில் நாற்பது மீட்டர் என்று அச்சடித்திருந்தது.

எடை அளவு ஆய்வாளராக முப்பத்தாறு வருடம் தராசுகளுக்கு முத்திரை குத்தியவர் என்பதால் அவருக்கு முத்திரை என்று பெயர். சந்தையில் எங்கே ஒரு தராசு தொங்கினாலும் அதைக் குற்றவாளியாகவே பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு வீட்டுக் கடிகாரத்தை வானொலியோடு ஒப்பிடுவார், வானொலியைச் சூரியனோடு ஒப்பிடுவார். சூரியன் மேலும் அவருக்கு முழு நம்பிக்கை கிடையாது. இந்தக் கயிற்றை அவரே அளந்து, மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுக்கு ஒரு தகரவில்லை கோர்த்து எண் அடித்திருந்தார். நேற்று இரவு அது அவருடைய தலையணைக்கு அடியில் தூங்கியது. மனைவி கட்டிலின் மறுகோடிக்குக் குடிபோய்விட்டாள்.

அப்படியிருந்தும் யாரோ கைவைத்திருக்கிறார்கள். யார் என்பதிலும் மர்மம் இல்லை. படகில் இன்னும் இரண்டே பேர்தான்.

ஒருவன் மச்சினன், மனைவியின் தம்பி, படகின் சொந்தக்காரன். முப்பது வருடம் பஸ் ஓட்டியவன், படகையும் பஸ்ஸாகவே ஓட்டினான்; திரும்பும்போது கையை வெளியே நீட்டுவான், பின்னால் வரும் வண்டியைப் பார்க்கக் கண்ணாடி மாட்டியிருந்தான், அவனுடைய ஹாரனுக்கு நாரைகள் வேறு நாட்டுக்கே போய்விட்டன. இன்னொருவர் ரேடியோ. நாற்பது வருடம் முடி வெட்டியவர். கத்தரி ஓய்ந்துவிட்டது, வாய் ஓயவில்லை.

பணி ஓய்வு விழாவில் முத்திரையின் இரும்பு மீட்டர்கோலை அரத்தால் ராவி அரை சென்டிமீட்டர் குறைத்துவிட்டு, மேடையில் எல்லோர் முன்னாலும் அவரையே மாலையை அளக்கச் சொன்ன பாவிகள் இவர்கள்தான். அந்த அரை சென்டிமீட்டருக்கு ஊர் பத்து வருடம் சிரித்தது.

அதனால் இம்முறை அவர் வாயைத் திறக்கவில்லை. கயிற்றை இழுத்து, கைகளை விரித்து விரித்து அளந்தார். அவருடைய கைவிரிப்பு நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர். பிறந்த தேதி மறந்தாலும் அது மறக்காது. கயிறு சரியாகத்தான் இருந்தது.

"இங்க வேண்டாம். கொஞ்சம் தள்ளிப் போய் நங்கூரம் போடலாம்" என்றார்.

இலையுதிர் காலத்தின் கடைசி வாரம். உல்லாசப் படகுகளையெல்லாம் கரையேற்றித் தார்ப்பாய் போர்த்திவிட்டிருந்தார்கள். வளைகுடா முழுவதும் இவர்களுக்குத்தான். கரை மரங்களிலிருந்து காற்று கொண்டுவந்து கொட்டிய மஞ்சள் இலைகள் தண்ணீரெங்கும் மிதந்தன. மதியம் மூன்றரைதான் ஆகியிருந்தது, அதற்குள் மூடுபனி இறங்கி, கரையை ஈரத்துணியால் துடைப்பதுபோல ஒரு பக்கத்திலிருந்து அழித்துக்கொண்டு வந்தது. காலையில் படகுத்துறையில் மனைவி சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. எனக்கு இருக்கறது ஒரே தம்பி, விளையாட்டுப் புத்திக்காரன், நீங்கதான் பத்திரமா பார்த்துக்கணும் என்றிருந்தாள். பார்த்துக்கொள்ள அவன் என்ன கைக்குழந்தையா, அறுபத்திரண்டு வயது எருமை என்று அப்போது நினைத்தார்.

கால் மணி நேரம் போய் நிறுத்தினார்கள். பதினொன்றாவது முடிச்சு.

இன்னும் கால் மணி நேரம். பத்து.

மச்சினன் பனியில் வட்டமடிக்கிறானோ என்று திசைகாட்டியைப் பார்த்தார். முள் ஆடவில்லை, நேராகத்தான் வந்திருந்தார்கள். படகுக்கு அடியில் பலகை எதையாவது கட்டி இழுத்துவருகிறார்களோ என்று குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் விரல்களுக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நிமிரும்போது ஒரு வாடை, வெகுநாள் மூடிக்கிடந்த தொட்டியைத் திறந்ததுபோல. அதற்கும் அடியில் வேறொன்று. தூங்கி எழுந்தவர் முகத்துக்கு நேரே பேசுவதுபோல.

இயந்திரம் நின்றிருந்தது. படகு அசையவில்லை. ஈயக்குண்டு அடியில் இருந்தபடியே இருக்க, அவர் கையிலிருந்த கயிறு தொய்ந்தது.

தொய்வைச் சுருட்டினார். மறுபடி தொய்ந்தது. ஒன்பதாவது தகரவில்லை ஈரம் சொட்ட மேலே வந்தது. பிறகு எட்டு.

அவர் மெதுவாக இருவர் முகத்தையும் பார்த்தார். ரேடியோ யாரோ ஒரு வாடிக்கையாளரின் மூன்றாவது கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சினன் அதைக் கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானைக் கழற்றினான். வருடத்துக்கு ஒருமுறை வளைகுடா நடுவில் ஒரு முழுக்குப் போடுவது அவனுடைய வழக்கம். ரொம்ப இயல்பாக இருக்கிறார்கள், ரொம்பவே இயல்பாக என்று முத்திரைக்குத் தோன்றியது.

"எவ்வளவு மாமா இருக்கு?"

கையில் ஐந்தாவது முடிச்சு இருந்தது. உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். இன்னும் பத்து வருடம். பொய்யைச் சொன்னால் இரண்டு முகத்தில் ஒன்றாவது காட்டிக்கொடுக்கும்.

"நாற்பது" என்றார்.

வாழ்நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கள்ள அளவு. இரண்டு முகங்களும் மாறவில்லை. மச்சினன் தலையாட்டிவிட்டுப் படகின் விளிம்பில் ஏறி நின்றான்.

நான்கு.

தலைகுப்புறப் பாய்ந்தால் கழுத்து முறியும். வேண்டாம் என்று கத்த வாய் திறந்தார். அதுக்குத்தானே காத்திருக்கிறான், கத்தவைத்துச் சிரிக்க. வாய் மூடிக்கொண்டது.

மூன்று.

மச்சினன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கால் நேராகக் குதித்தான்.

தண்ணீர் தெறித்து அடங்கியது. பத்தடி தள்ளி, வளைகுடாவின் நட்டநடுவில், இடுப்பளவு நீரில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

ரேடியோவின் பேச்சு பாதியில் நின்றது. அவரை முத்திரை அறிந்த நாளிலிருந்து அது நடந்ததில்லை. விளையாட்டு இல்லை என்று அந்த மௌனத்தில்தான் அவருக்குப் புரிந்தது.

"நாற்பதுன்னு சொன்னீங்களே மாமா" என்றான் மச்சினன். சிரிக்கத்தான் பார்த்தான். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தான். "மெத்துனு இருக்கு. சூடா இருக்கு."

"ஏறு மாப்ளே. முதல்ல ஏறு" என்றார் முத்திரை.

"கால் வரமாட்டேங்குது."

முத்திரை கயிற்றை இழுத்துச் சுருட்டி வீசினார். மச்சினன் அதை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டான். அவர் இழுத்தார். ரேடியோவும் சேர்ந்து இழுத்தார். ஊன்றிய கம்பத்தை இழுப்பதுபோல இருந்தது. அவனைச் சுற்றி மிதந்த மஞ்சள் இலைகள் மெல்ல அவனை நோக்கி நகர்ந்தன. எல்லாப் பக்கத்திலிருந்தும்.

தண்ணீர் அவன் மார்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. துள்ளவில்லை, தத்தளிக்கவில்லை. நின்றபடியே கீழே போனான், லிப்டில் இறங்குபவனைப் போல. கண் மட்டும் முத்திரையின் மேல் இருந்தது. அக்காவிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்பதுபோல.

பிறகு கண்ணும் இல்லை.

கயிறு ஓடியது. தகரவில்லைகள் விளிம்பில் அடித்துக்கொண்டு இறங்கின. பத்து. பதினைந்து. உள்ளங்கை உரிந்தது. இருபத்தாறு. விடவில்லை. முப்பத்தைந்து. நாற்பது. நாற்பதுக்குப் பிறகு முடிச்சில்லாத மிச்சக் கயிறு. அதன் முனை படகின் வளையத்தில் கட்டியிருந்தது. வளையம் முனகியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, நின்றது.

அமைதி. மூடுபனி. ரேடியோவின் மூச்சு.

அப்போது அதே பத்தடி தூரத்தில் தண்ணீர் விலகியது. தலை. தோள். மார்பு. இடுப்புவரை எழும்பி நின்றான் மச்சினன். சிரித்தான்.

"இறங்குங்க மாமா" என்றான். "ஆழமே இல்ல."

ரேடியோ அழுதேவிட்டார். வந்துட்டான்யா, வந்துட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டே, அவனைத் தூக்கிவிட ஒரு காலை விளிம்புக்கு வெளியே போட்டார்.

முத்திரை அவருடைய சட்டைக்காலரைப் பிடித்தார்.

மச்சினனின் தலைமுடி உலர்ந்திருந்தது. வாரிவிட்டதுபோல. கூப்பிடும் இரண்டு கைகளும் காலியாக இருந்தன. மணிக்கட்டில் கயிறு இல்லை.

கயிறு நேர் கீழே போயிருந்தது. விறைப்பாக. நாற்பது மீட்டருக்கும் அப்பால், அதன் மறுமுனையை, யாரோ விட்டு விட்டு, மூச்சு முட்டுபவரின் அவசரத்தோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.